திருடிய சொல்லா, பிறந்த சொல்லா

யாபி ராய்ஜுவின் கடையில் வண்டியை நிறுத்தாமல் அந்த வளைவைத் தாண்டிப் போகிற டிரைவர் எங்கள் மலைத் தடத்தில் கிடையாது. நிறுத்தாமல் போனால் அடுத்த முறை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். "என்னண்ணே, போன வாரம் பறந்து போனீங்க, வண்டியில மந்திரி யாராச்சும் உக்காந்திருந்தாரா?" என்பாள். அதுவும் கடை நிறைய ஆள் இருக்கும்போதுதான் கேட்பாள்.

பலகைச் சுவர், தகரக் கூரை, உள்ளே மண் அடுப்பு, இரண்டு பெஞ்சு. கறுப்பு டீயும் மேகியும் எப்போதும் கிடைக்கும். ஆளைப் பார்த்துப் பிடித்திருந்தால் காட்டுப்பனை மாவுக் களியும் எலிக் கருவாடும் உள்ளேயிருந்து வரும். எனக்கு அது கிடைக்கப் பல வருஷம் ஆயிற்று.

அவள் புரோய்க் பழங்குடிப் பெண். அவளுடைய தாத்தா காலம் வரைக்கும் அவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வீடுகளுக்குச் சொந்தமாக இருந்தவர்கள். சொந்தம் என்றால் உறவு அல்ல. காடு சொந்தம், மாடு சொந்தம் என்கிறோமே, அந்தச் சொந்தம். பிறகு சர்க்கார் வந்து விடுதலை என்று சொல்லிவிட்டுப் போனது. ஆனால் ஊர் வாயிலிருந்து யார் விடுவிப்பது? யாபி பள்ளிக்கூடத்தில் படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னாளாம்: "உங்களுக்கு ஏதுடி சொந்தப் பேச்சு? எந்த வீட்ல வேலை செஞ்சீங்களோ, அந்த வீட்டு எச்சில் சோறு, எச்சில் பேச்சு." யாபி அவள் காதைக் கடித்துவிட்டாள். அத்தோடு படிப்பு முடிந்தது.

அப்புறம் ரோடு வேலையில் கல் உடைத்தாள். கூட வேலை பார்த்த சோஜா என்பவனைக் கட்டிக்கொண்டாள். ஒரு மழைக்காலத்தில் மேலேயிருந்து பாறை உருண்டு வந்து அவனைக் கொண்டுபோயிற்று. அவன் போன இடத்துக்கு எதிரிலேயே அவள் கடையைப் போட்டாள். ஏன் இங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சனாதோம்பி மேடம் முதல் தடவை வந்தது என் சூமோவில்தான். மணிப்பூர்க்காரி, எங்கோ பல்கலைக்கழகத்தில் பாஷை ஆராய்ச்சி செய்கிறவள். மெலிந்த உடம்பு. மலைவளைவில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். யாபி கடையில் இறக்கி வெந்நீர் வாங்கிக் கொடுத்தேன். வாயைக் கொப்பளித்த கையோடு அவள் கேட்டாள், ஹிந்தியில்: "உங்க பேச்சுல தண்ணிக்கு என்ன சொல்வீங்க?"

யாபி என்னைப் பார்த்தாள். "இத்தனை படிச்சும் தண்ணிக்குப் பேர் தெரியாதா இந்தம்மாவுக்கு?"

"சொல்லேன், கேக்கறாங்கல்ல."

"கோ."

"நெருப்பு?"

"பை. உள்ள போய் கையை வெச்சுப் பாரு, சரியாத்தான் சொல்றேனான்னு தெரியும்."

இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு குளிர்காலம் மேடம் அந்த பெஞ்சில் உட்கார்ந்து சின்ன ஒலிப்பதிவுக் கருவியை நீட்டிக்கொண்டிருந்தாள். யாபி களி கிளறிக்கொண்டே பதில் சொல்லுவாள். ஒரு நாள் மேடம் அந்தக் கருவியில் வேறொரு பெண்ணின் குரலைப் போட்டுக் காட்டினாள். "கோ" என்றது அந்தக் குரல். அடுத்து "பே" என்றது. யாபி கரண்டியை நிறுத்தினாள்.

"யாரு இது? எங்க ஆளா? வாயில கூழாங்கல்லைப் போட்டுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு."

"ரெபுங்ல லேகின்னு ஒருத்தங்க."

ரெபுங் என்றதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மேலே பனிக்கோட்டுக்கு அருகில் இருக்கிற பெரிய ஊர். கோம்பா என்கிற புத்த மடம் உண்டு, யாக் மந்தை உண்டு, பனிக்கு அப்பாலிருந்து வந்த ராஜகுமாரனின் வம்சம் என்று சொல்லிக்கொள்வார்கள். புரோய்க் ஆட்கள் அங்கே விறகு விற்கப் போனால்கூட வாசலோடு சரி. என் ஊர் திராங் பக்கம். நாங்கள் தண்ணீரை 'ரி' என்போம், நெருப்பை 'மி' என்போம். ரெபுங்காரர்களும் நாங்களும் ஒரே கோம்பாவில் கும்பிடுகிறோம், ஒரே மாதிரி உடுத்துகிறோம். ஆனால் அவர்கள் தங்களுக்குள் பேசினால் எனக்கு ஒரு வார்த்தை புரியாது. இது ஏன் என்று நான் யோசித்ததே கிடையாது.

"எல்லாம் சேர்த்துப் பாக்கறப்போ, உங்க பேச்சும் ரெபுங் பேச்சும் அக்கா தங்கச்சி மாதிரி தெரியுது யாபி" என்றாள் மேடம்.

யாபி மறுபடி களியைக் கிளறத் தொடங்கினாள். அன்று எங்களிடம் காசு வாங்கவும் மறந்துபோனாள்.

அந்த வருஷம் இலையுதிர் முடிந்த சமயம், மேடம் யாபியையும் கூட்டிக்கொண்டு ரெபுங் போக வேண்டும் என்றாள். இருவரையும் நேரில் வைத்து ஒலிகளைச் சரிபார்க்க வேண்டுமாம். ரெபுங் காவ்ன்புடா கோம்பு யம்னோஜுவுக்கு முன்னாடியே சேதி சொல்லியாயிற்று. காவ்ன்புடா என்றால் சர்க்கார் சிவப்புக் கோட்டு கொடுத்திருக்கிற ஊர்ப்பெரியவர். அவர் வரச் சொல்லிவிட்டார். ஆனால் ஊர் இளைஞர் சங்கத் தலைவன் சங்கே ரோக்பு என்னிடம் போனில் கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. "அந்த டீக்கடைக்காரியையும் ஏத்திக்கிட்டு வர்றீங்களாமே?"

அவன் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ரெபுங்காரர்கள் தங்களைத் தனிச் சமூகமாக அங்கீகரிக்கச் சொல்லி சர்க்காருக்கு எழுதியிருந்தார்கள். வசந்தத்தில் ஒரு கமிட்டி வருவதாக இருந்தது. அரச வம்சம், யாரோடும் சேராத தனிப் பேச்சு என்பதுதான் அவர்கள் கோரிக்கையின் முதுகெலும்பு. அந்த நேரத்தில் ஒரு படித்த பெண் வந்து, உங்கள் பேச்சுக்கு உடன்பிறப்பு கீழே டீக்கடையில் இருக்கிறது என்றால்?

யாபிக்கு இதையெல்லாம் சொன்னேன். "வராம இருந்துடேன். வம்பு எதுக்கு?"

"நான் எதுக்குண்ணே வராம இருக்கணும்? அவங்க பேச்சை அவங்க பொட்டியில பூட்டி வெச்சிருந்தா நான் எடுத்தேனா?" என்று கேட்டுவிட்டு, துவைத்து வைத்திருந்த சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

ஏறும்போதே மூடுபனி. ரெபுங்குக்குக் கொஞ்சம் கீழே, எங்களுக்குப் பின்னால் மலை சரிந்தது. சத்தம் கேட்டு நான் வண்டியை முடுக்கி முன்னால் விட்டேன். திரும்பிப் பார்த்தால் நாங்கள் வந்த பாதை இல்லை, மண்ணும் வேரோடு பெயர்ந்த பைன் மரங்களும் மட்டும். யாபி கதவுப் பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. சோஜாவை நினைத்திருப்பாள். ஒன்று மட்டும் தெரிந்தது: ரெபுங்கில் என்ன நடந்தாலும் இனி உடனே திரும்ப முடியாது.

ஊர்க்கூடத்தில் நாங்கள் எதிர்பார்த்ததைவிட நிறையப் பேர். நடுவில் கணப்பு. காவ்ன்புடா சிவப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். மேடத்துக்கும் எனக்கும் கணப்பருகே கம்பளம் போட்டார்கள். யாபிக்குக் கதவருகே ஒரு பலகையைக் காட்டினார்கள். வெண்ணெய் டீ வந்தது. எங்களுக்குப் பீங்கான் கிண்ணம், அவளுக்குக் காகிதக் குவளை. அவள் அதை வாங்கி, குடிக்காமல், தரையில் தனக்கும் கூட்டத்துக்கும் நடுவே வைத்தாள்.

லேகியும் இருந்தாள். நாற்பதைத் தாண்டிய, நல்ல உயரமான பெண். சங்கேயின் அண்ணன் மனைவி. அவளுக்கு இதெல்லாம் இவ்வளவு பெரிதாகும் என்று தெரிந்திருக்கவில்லை போலும். கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

சங்கே எழுந்தான். இட்டாநகரில் படித்தவன், நன்றாகப் பேசுவான். "மேடம், நீங்க சொல்றதை நாங்க அப்படியே நம்பணுமா? எங்க அண்ணியை ஒரு ரூம்ல வைங்க, அவளை ஒரு ரூம்ல வைங்க. ஒருத்தி சொல்றது இன்னொருத்திக்குக் கேக்கக் கூடாது. அப்புறம் ரெண்டையும் எல்லார் முன்னாடியும் போடுங்க."

மேடம் சம்மதித்தாள். லேகியைத் தானியக் கிடங்குக்கும் யாபியைக் கூடத்துக்குப் பின்னால் இருந்த சமையல் கொட்டகைக்கும் அனுப்பினார்கள். ஆளுக்கொரு காவல். மேடம் அங்கும் இங்குமாக நடந்து கேள்வி கேட்டுப் பதிவு செய்தாள். பிறகு கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் போட்டாள்.

தண்ணீர். லேகியின் குரல், யாபியின் குரல். ஒரே சொல். யாரோ சிரித்தார்கள். நெருப்பு. பே, பை. சிரிப்பு நின்றது. விறகு, இறைச்சி, கல், நான், நீ. சில சொற்கள் ஒட்டவே இல்லை. சில கொஞ்சம் கோணலாக ஒட்டின. ஒவ்வொரு சொல்லுக்கும் கூட்டம் மூச்சைப் பிடித்து விட்டது. கணப்பில் விறகு வெடிக்கிற சத்தத்துக்குக்கூட ஆட்கள் திடுக்கிட்டார்கள். கடைசியில் மேடம் கருவியை நிறுத்தியபோது காவ்ன்புடா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

சங்கேதான் முதலில் பேசினான். அவன் முகம் சிவந்திருந்தது. "இதுல என்ன அதிசயம்? ராஜகுமாரன் வந்தப்போ மூட்டை தூக்க ஆளுங்க வந்தாங்க. வேலைக்காரங்க எஜமான் பேச்சைப் பொறுக்கிக்கறது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். எங்க அடுப்படியில எடுத்துட்டுப் போனது. அவ்வளவுதான்."

கதவருகிலிருந்து யாபி எழுந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அவளைத் தடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் அவள் கணப்புக்கு எதிரே நின்றுவிட்டாள்.

"எந்த அடுப்படி?" என்றாள்.

"என்ன?"

"எந்த வீட்டு அடுப்படின்னு கேக்கறேன். எங்க தாத்தன் எந்த வீட்டுல இருந்தான், அந்த வீட்டுக்காரன் பேர் என்ன, அவன் எங்க தாத்தனை எதால அடிச்சான், எல்லாம் எனக்குத் தெரியும். அது ஆத்துக்கு அந்தப் பக்கம். அவங்க தண்ணியை 'வூ'ன்னு சொல்வாங்க. அந்தப் பேச்சும் எனக்குத் தெரியும், அடி வாங்கிக் கத்துக்கிட்ட பேச்சு மறக்குமா? ஆனா எங்க வீட்ல எங்கம்மா தண்ணியை 'கோ'ன்னுதான் சொன்னா. நீங்க எங்களை வெச்சிருந்தீங்களா? இந்தக் கூடத்துல ஒருத்தர் சொல்லுங்க. 'உன் பாட்டன் எங்க வீட்டுக்கு விறகு சுமந்தான்'னு ஒருத்தர் வீட்டுப் பேரைச் சொல்லுங்க, நான் இப்பவே தலையைக் குனிஞ்சு வெளிய போயிடறேன்."

சொல்ல யாரிடமும் பெயர் இல்லை. பெருமைக்காகப் பொய் சொல்ல நினைத்தவர்கள்கூட காவ்ன்புடாவின் முகத்தைப் பார்த்து அடங்கினார்கள்.

அவமானம்தான் சங்கேயை மிருகமாக்கியது என்று நினைக்கிறேன். தாவி மேடத்தின் மடியிலிருந்த கருவியைப் பிடுங்கிக்கொண்டான். அவனுடைய ஆட்கள் கதவை மறித்தார்கள். ஒருவன் என் சட்டைப் பையில் கைவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். இன்னொருவன் என் கழுத்தைப் பிடித்தான். கணப்பில் விழுந்துவிடப் பார்த்தோம்.

"விடுங்கடா!" என்று காவ்ன்புடா கத்தினார். கழுத்தை விட்டார்கள். சாவியை விடவில்லை.

"மேடம்," என்றான் சங்கே, மூச்சு வாங்க, "இவங்க எங்ககிட்டேருந்து எடுத்த பேச்சுன்னு எழுதிக் குடுங்க. கமிட்டிக்கு அது போதும். அப்புறம் எல்லாம் திருப்பித் தர்றோம்."

காவ்ன்புடா ஏதோ முணுமுணுத்தார். எப்படியும் பாதை அடைபட்டிருக்கிறது, நாளைக் காலையில் பேசலாம் என்று எங்களைப் பள்ளிக்கூட அறைக்கு அனுப்பிவிட்டார். அவரால் அன்று அவ்வளவுதான் முடிந்தது. வாசலில் இரண்டு பேர் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். காவல் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாபி வெளிக்குப் போக எழுந்தபோது அவர்களும் எழுந்தார்கள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேடம் திடீரென்று சொன்னாள்: "இன்னும் முடிவாகலைன்னு எழுதிக் குடுத்துடலாம்."

யாபி திரும்பினாள். "என்னது?"

"அது பொய் இல்ல யாபி. நான் பாத்த வரைக்கும் உறவு மாதிரிதான் தெரியுது. ஆனா பெரிய பெரிய ஆளுங்க இது வெறும் ஒட்டுதல்னு சொல்றாங்க. பக்கத்துல இருந்ததால வந்த சாயல்னு. இன்னும் நிறையச் சொல் வேணும். நான் சரியா சொல்லணும்னா, முடிவாகலைன்னுதான் சொல்லணும்."

"என் அடுப்புக்கு முன்னாடி உக்காந்து அக்கா தங்கச்சின்னு சொன்னே."

"மாதிரி-ன்னு சொன்னேன்."

"மாதிரி." யாபி அந்தச் சொல்லைக் கசப்பாகத் துப்பினாள். "உனக்கு அது 'மாதிரி'. நான் அன்னையிலேருந்து அதைச் சொல்லிக்கிட்டுத்தான் தூங்கறேன். எங்களுக்குன்னு ஒண்ணும் இல்ல, எல்லாம் எச்சில்னு கேட்டுக் கேட்டு வளந்தவ நான். ஒருத்தி வந்து, இல்லடி, உனக்கும் கூடப் பொறந்தது இருக்குன்னு சொன்னா. இப்போ நாலு பசங்க கதவை மறிச்ச உடனே 'மாதிரி'யா?"

மேடம் அழுதுவிட்டாள். யாபி அவளைத் தேற்றவில்லை. நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று இருவரும் ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டிப் படுத்தார்கள்.

காலையில் மறுபடி கூடம். சங்கே ஒரு புது யோசனையோடு வந்திருந்தான். நேற்று அண்ணி பேசியது கொச்சை, வயல்வெளிப் பேச்சு. எங்கள் உண்மையான பேச்சு வேறு, ராஜகுமாரன் கொண்டுவந்தது, அதைப் பதிவு செய்யுங்கள் என்றான். கருவியைத் தானே மேடத்தின் கையில் கொடுத்தான். லேகியைக் கணப்பருகே உட்கார வைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தான். ராத்திரியே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அவள் கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது.

யாபி கதவு நிலையைப் பிடித்து நின்றாள். மேடம் அவள் பக்கம் பார்க்கவேயில்லை. கருவியை இயக்கினாள்.

"தண்ணீர்?"

"சூ" என்றாள் லேகி. கோம்பாவில் லாமாக்கள் ஓதுகிற பேச்சு அது. எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"நெருப்பு?"

"மே."

கூட்டத்தில் ஒரு கிழவர் மெல்ல இருமினார். சங்கே சுற்றிலும் பார்த்தான். இருமல் நின்றது. சூரியன், நிலா, மலை, தலை, கண். பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பது போல லேகி சொல்லிக்கொண்டே போனாள். ஒரு சொல்லில் தடுமாறியபோது சங்கே காதில் சொன்னான். மேடம் அதையும் பதிவு செய்தாள். யாபியின் விரல்கள் நிலையை இறுக்கி வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்தேன். அவள் மேடத்தின்மேல் பாய்ந்துவிடுவாளோ என்று பயந்து நான் இரண்டடி அவள் பக்கம் நகர்ந்தேன்.

மேடம் அடுத்த சொல்லைக் கேட்டாள். வேண்டுமென்று கேட்டாளா, வழக்கமாகக் கேட்கிற வரிசையிலேயே வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"பேன்?"

லேகி சங்கேயைப் பார்த்தாள். சங்கே பின்னால் இருந்தவனைப் பார்த்தான். அவன் காவ்ன்புடாவைப் பார்த்தான். லாமாக்கள் வருஷாந்திர பூஜைக்குத் தவாங் போயிருந்தார்கள். கேட்க ஆள் இல்லை.

"தம்பி, சொல்லுங்க," என்றாள் லேகி. "பேனுக்கு ராஜகுமாரன் என்ன சொன்னான்?"

"அது... அப்புறம் பாத்துக்கலாம். அடுத்தது கேளுங்க மேடம்."

"ஏன் அப்புறம்? ராஜகுமாரன் தலையில பேனே இல்லையா? பனியெல்லாம் தாண்டி குளிக்காமதானே வந்தான்?"

கூடத்தின் பின்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அடுத்தவளுக்கும் தொற்றியது. "லாமாவுக்குத்தான் முடியே இல்லையே, அவருக்குப் பேன் எதுக்கு?" என்று ஒருவர் சொல்ல, கூடமே வெடித்தது. காவ்ன்புடா சிவப்புக் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேற்று என் கழுத்தைப் பிடித்தவன்கூடச் சிரித்தான்.

சங்கே மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணி, விளையாடாதீங்க. நாம எதுக்காகப் போராடறோம்னு தெரியுமா உங்களுக்கு?"

லேகியின் சிரிப்பு போய்விட்டது. "தெரியும். என் பசங்களுக்காகவும்தான். ஆனா எங்கம்மா என்னை மடியில போட்டுப் பேன் பாத்தப்போ சொன்ன பேச்சு வயல்வெளிப் பேச்சுன்னா, எங்கம்மா யாரு? நெருப்புக்கு உங்க பேரை வெச்சாத்தான் அடுப்பு எரியுமா? எனக்கு இது வரலை தம்பி. ராத்திரி பூரா சொல்லிப் பாத்தேன், என் வாய் மாதிரியே இல்லை."

கருவியை நோக்கிக் குனிந்து, பேனுக்கு அவர்கள் ஊர்ச் சொல்லைச் சத்தமாகச் சொன்னாள். கதவருகிலிருந்து யாபி, யாரும் கேட்காமல், தன் சொல்லைச் சொன்னாள். இரண்டுக்கும் முதலெழுத்து மட்டும்தான் வேறு. லேகிக்கு 'ச', யாபிக்கு 'ஹ'.

மேடம் நிமிர்ந்தாள். அதுவரை பயந்துகொண்டிருந்த பெண்ணின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "இறைச்சி சொல்லுங்க" என்றாள் அவசரமாக. லேகி 'ச'வில் தொடங்கினாள். யாபி 'ஹ'வில். "மூணு?" மறுபடி அதே. "ரத்தம்?" அதே. மேடம் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் காவ்ன்புடாவிடம் திரும்பினாள்.

"பெரியவரே, உங்க வீட்டுப் பானையை ஒருத்தர் திருடிட்டுப் போனா, அது அவங்க வீட்லயும் உங்க பானை மாதிரியேதான் இருக்கும். அப்படியே. கடன் வாங்கின சொல்லும் அப்படித்தான். ஆனா கூடப் பொறந்தவங்க அப்படியே இருக்க மாட்டாங்க. ஒருத்தருக்கு மூக்கு கொஞ்சம் சப்பை, இன்னொருத்தருக்கு எடுப்பு. ஆனா அது அந்தக் குடும்பம் முழுக்க ஒரே மாதிரி வரும். இவங்க 'ச' சொல்ற இடத்துலெல்லாம் அவங்க 'ஹ' சொல்றாங்க. யாரும் உக்காந்து இப்படித் திட்டம் போட்டுத் திருட முடியாது. நேத்து சாயங்காலம் யாபிகிட்ட, முடிவாகலைன்னு எழுதறேன்னு சொன்னேன். எனக்குப் பயம். இப்பவும் பயம்தான். ஆனா நீங்க கேக்கற மாதிரி எழுத முடியாது. வேணும்னா இதை உடைச்சுடுங்க."

காவ்ன்புடா சங்கேயிடம் கையை நீட்டினார். "சாவி."

"மாமா, கமிட்டி..."

"கமிட்டிக்கு நாம தனி ஆளுங்கன்னு சொல்வோம். தனியா இருக்கறவனுக்குச் சொந்தக்காரன் இருக்கக் கூடாதா? சாவியைக் குடு." மேடத்திடம் திரும்பினார். "நீ காதால கேட்டதை எழுதிக்க. ஆனா ஒண்ணு. நாங்க சந்தோஷமா ஒத்துக்கிட்டோம்னு எழுதிடாதே. இந்த ஊர்ல பாதிப் பேர் ஒத்துக்கல. நானே இன்னும் யோசிக்கணும்."

யாபியிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

பாதையைச் சரிசெய்ய ஆட்கள் வரும்வரை ரெபுங்கில்தான் கிடந்தோம். மேடத்தின் கேள்விகளுக்கு லேகியும் யாபியும் சேர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார்கள். ஒருவர் சொல்லை இன்னொருவர் கிண்டல் செய்துகொள்வார்கள். ஆனால் இருவரும் பேசிக்கொண்டது என்னவோ ஹிந்தியில்தான். சொற்கள் உறவாக இருந்தனவே தவிர, வாக்கியமாகச் சேர்த்தால் ஒருத்திக்கு மற்றவள் பேச்சு பிடிபடவில்லை. "இவ்வளவு நாள் பாத்துக்காம இருந்தா கூடப் பொறந்ததுகூட இப்படித்தான் ஆகும்" என்றாள் லேகி. கீழே இறங்கிய நாளில் சங்கே வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். நான் கையாட்டினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வசந்தத்தில் கமிட்டி வந்தது, கேட்டது, போயிற்று. முடிவு இன்னும் வரவில்லை. ரெபுங்கில் சிலர் தாமதத்துக்குக் காரணம் யாபிதான் என்கிறார்கள். அவர்கள் அவள் கடையில் இறங்குவதில்லை. சங்கே வண்டியைக்கூட அங்கே மெதுவாக்குவதில்லை. ஒரு முறை யாரோ கடைத் தகரத்தில் கல்லெறிந்தார்கள். யாரென்று தெரியாது. யாபி போலீசுக்குப் போகவில்லை. "எறிஞ்சவன் தூரத்துலேருந்துதான் எறிஞ்சான், பயந்தவன்" என்று மட்டும் சொன்னாள். லேகி மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் இறங்குவாள். அவளுக்குக் காட்டுப்பனைக் களி பிடிக்காது. ஆனாலும் சாப்பிடுவாள்.

போன மாதம் மேடம் எனக்குப் போன் செய்து யாபியிடம் கொடுக்கச் சொன்னாள். நான் சத்தமாகப் பேசும் பொத்தானை அழுத்தி அடுப்பருகே வைத்தேன்.

"எழுதிட்டேன் யாபி. வெளிய வந்துடுச்சு. ஒரே தாய்கிட்டேருந்து வந்ததுன்னு எழுதியிருக்கேன். சண்டைக்கு வந்திருக்காங்க ரெண்டு பெரிய ஆளுங்க. இன்னும் பல வருஷம் சண்டை நடக்கும்."

"'மாதிரி' போட்டிருக்கியா?"

"ஒரு இடத்துல போட வேண்டி வந்தது. மத்த இடத்துல போடல."

யாபி அடுப்பில் விறகைத் தள்ளினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டதால் எனக்கு அவள் கண் தெரியவில்லை. "சரி போ. ஒரு இடம்தானே" என்றாள். "குளிர் வர்றதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போ. வாந்தி எடுக்காம வா."

போனை என்னிடம் நீட்டினாள். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆமா, உங்க பேச்சு இந்தக் குடும்பத்துல எங்க நிக்குது? அதை மேடம் சொல்லவே இல்லையே?"

"ரொம்பத் தூரத்து உறவாம். கேட்டேன்."

"அதானே பாத்தேன்" என்றாள் யாபி. "தூரத்து உறவுக்காரரே, எந்திரிங்க. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சே செத்துடுவான் போலிருக்கு. வண்டியை ஓரங்கட்டுங்க."